காரியாபட்டிச் சாலையில் ஒரு நீர்க்கணக்கு

மதுரை மாநகரை விட்டுத் தெற்கே தூத்துக்குடிச் சாலையில் திரும்பியதும் நிலத்தின் நிறம் மாறத் தொடங்குகிறது. மண்டேலா நகர்ச் சந்திப்பைக் கடந்து, வலையங்குளம், எலியார்பத்தி என்று ஊர்கள் ஒவ்வொன்றாய்ப் பின்தங்க, வைகைப் பாசனத்தின் பசுமையும் மெல்ல விடைபெற்றுக்கொள்கிறது. வாழையும் நெல்லும் குறைந்து, பனையும் உடைமரமும் தலைகாட்டுகின்றன. பிறகு கண்ணுக்கெட்டிய தொலைவு வரை சீமைக் கருவேலம். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் சென்றால் காரியாபட்டி.

காரியாபட்டி ஒரு பேரூர்; வட்டத்தின் தலைமையிடம். 1985-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பழைய இராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது இப்பகுதி இன்றைய விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்தது. தெற்கே, கைத்தறிக்குப் பெயர்பெற்ற அருப்புக்கோட்டை. தென்கிழக்கே, குண்டாற்றங்கரையில் திருச்சுழி. இரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது. இன்னும் கிழக்கே கடலை நோக்கிச் சென்றால், புனித அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு குருதி சிந்திய ஓரியூர் மண். இந்தச் சீமை முழுவதையும் ஒரே சொல்லால் குறிப்பதாயின், 'வானம் பார்த்த பூமி' என்பதே பொருந்தும்.

ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை இங்கே பெய்கிறது. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஒருசில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடும். எஞ்சிய மாதங்களில் வெயில்தான் அரசு செலுத்துகிறது. திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் வெயில் குடித்துவிடும் நீர், பெய்யும் மழையைப் போல் ஏறக்குறைய இருமடங்கு! வரவைவிடச் செலவு மிகுந்த குடும்பம் எப்படிப் பிழைக்கும்? இந்தச் சீமை மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பிழைத்திருக்கிறார்கள். அந்தப் பிழைப்பின் இரகசியம் எங்கே இருக்கிறது என்று அறியவும், இப்பகுதியில் புதிதாய் எழுந்துள்ள கல்லூரி வளாகங்கள் அந்த இரகசியத்தைக் கற்றுக்கொள்ள இயலுமா என்று எண்ணிப் பார்க்கவுமே நாங்கள் இவ்வழியே பயணம் மேற்கொண்டோம்.

கண்மாய் என்னும் பள்ளிக்கூடம்

சாலையை விட்டு விலகி ஒரு கண்மாய்க் கரையில் ஏறி நின்றோம். தஞ்சைத் தரணியில் ஆறு என்ன செய்கிறதோ, அதை இங்கே கண்மாய் செய்கிறது. மேட்டிலிருந்து வழிந்தோடி வரும் மழைநீரை வரத்துக்கால் கொண்டுவந்து சேர்க்கும். கரை அதைத் தாங்கி நிற்கும். மடை அதை அளந்து வயலுக்கு விடும். நிறைந்து மிஞ்சியதைக் கலுங்கு வெளியேற்றும். அந்த மறுகால் நீர் வீணாவதில்லை. அடுத்த ஊர்க் கண்மாய்க்கு அதுவே வரத்து. இவ்வாறு ஒரு கண்மாயின் மிச்சம் மற்றொரு கண்மாயின் வாழ்வாக, சங்கிலி போல் ஊருக்கு ஊர் கைகோத்து நிற்கும் ஏற்பாட்டை நம் முன்னோர் அமைத்துச் சென்றிருக்கின்றனர். தமிழ்நாடு முழுவதும் இத்தகைய ஏரிகளும் கண்மாய்களுமாக 39,000-க்கு மேல் உண்டு என்பர்.

கண்மாயோடு ஊருணியும் உண்டு. கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. ஊருணியை ஆழமாகவும் பரப்பைக் குறைத்தும் வெட்டினார்கள். சுற்றிலும் மரம் வைத்தார்கள். பரப்புக் குறைந்தால் வெயில் குடிப்பதும் குறையும் அன்றோ? கரிசல் மண் நனைந்தால் உப்பி இறுகி, நீரைக் கீழே எளிதில் விடாது. ஆதலால் இம்மண்ணில் நீரை மேலேயே தேக்கி வைப்பது இயல்பான வழி. ஏட்டில் எழுதிப் படிக்காத மக்கள் மண்ணின் குணத்தை எவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தார்கள் என்று வியந்தோம்.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், எங்களுடன் வந்த அருட்தந்தையின் வெள்ளை அங்கியைப் பார்த்ததும் தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு அருகில் வந்தார்.

"சாமி, எங்கிட்டிருந்து வாறீக?"

"மதுரையிலிருந்து வருகிறோம், பெரியவரே. இந்தக் கண்மாய் பெருகி எத்தனை வருடம் இருக்கும்?"

அவர் சிரித்தார். "கண்மாய் பெருகுறது மழை கையில மட்டுமா சாமி இருக்கு? வரத்துக்கால் கையில இருக்கு. வானம் பேஞ்சாலும், கால் அடைபட்டுக் கெடந்தா தண்ணி எந்த வழியா வரும்? எங்க காலத்துல வருஷாவருஷம் வீட்டுக்கொரு ஆளு மம்பட்டியோட போயி காலை வெட்டுவோம். கண்மாய்க்குள்ள கெடக்குற கரம்பை மண்ணை வண்டி வண்டியா அள்ளிப் புஞ்சையில அடிப்போம். கண்மாயும் ஆழமாகும், புஞ்சையும் கொழுக்கும்."

"இப்போது?"

"இப்ப எல்லாருக்கும் போர் இருக்கு சாமி. போர் வந்ததும் கால் மறந்துபோச்சு."

இந்த ஒரு வாக்கியத்தில் ஐம்பது ஆண்டுக்கால வரலாறு அடங்கிவிட்டது. வீட்டுக்கொருவர் மண்வெட்டி ஏந்திச் சென்ற அந்தப் பழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். ஆங்கிலேயர் ஆட்சியில் 1858-ஆம் ஆண்டிலேயே அதற்கெனச் சட்டம் எழுதப்பட்டது. 2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு அதே பெயரில் கண்மாய் சீரமைப்புத் திட்டமொன்றைத் தொடங்கியது. ஆயினும் அரசு பணம் ஒதுக்கலாம்; ஆண்டுதோறும் வரத்துக்காலை நடந்து பார்க்கும் கண்களை ஊர்தான் தரவேண்டும். காவிரியையும் வைகையையும் குண்டாற்றோடு இணைக்கும் 262 கிலோமீட்டர் நீளக் கால்வாய்க்கு 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. அக்கால்வாய் காரியாபட்டி வட்டத்தில்தான் குண்டாற்றில் வந்து சேர்வதாகத் திட்டம். பெருநீர் ஒருநாள் வரட்டும், மகிழ்வோம். ஆனால் வரும் நீரை வாங்கிக்கொள்ளக் கண்மாய்கள் உயிரோடு இருக்க வேண்டுமே!

பச்சையாய் நிற்கும் பகை

இச்சீமையின் பெரும்பகுதியை இன்று மூடி நிற்பது சீமைக் கருவேலம். 1870-களில் ஆங்கிலேயர் இதன் விதையை அமெரிக்கக் கண்டப் பகுதியிலிருந்து இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பின்னர் எங்கும் பரப்பினர். ஆடுமாடுகள் அதன் இனிப்பான நெற்றைத் தின்று, சாணத்தோடு விதையை ஊரெங்கும் தூவின. கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் அது வேரூன்றிய இடத்தில் நீரின் வழி அடைபட்டது. நம் நாட்டுக் கருவேலமும், உடையும், இலந்தையும் இடமிழந்தன.

இம்மரம் காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சிவிடுகிறது என்று மேடைகளில் கூறக் கேட்கிறோம். அதற்கு அறிவியல் சான்று இல்லை. ஆழ வேரோடி நிலத்து நீரை எடுப்பதும், பிற செடிகளை வளரவிடாமல் அடர்வதும் உண்மை. பகையை உள்ளபடி அறிந்தால்தான் வெல்ல முடியும். 2017-ஆம் ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் ஆணைகளால் இதனை அகற்றும் பணி மாவட்டந்தோறும் பேரியக்கமாக நடந்தது. 2022-ஆம் ஆண்டு அயல் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்றே தமிழக அரசு கொள்கையொன்றை வெளியிட்டது.

எனினும் இன்னொரு பக்கமும் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் இச்சீமையின் ஏழைக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது இந்த மரமே. வெட்டிய கட்டைகளை அடுக்கி, மண் பூசி, கரிமூட்டம் போட்டு, புகையில் கண் சிவந்து நிற்கும் ஆண்களையும் பெண்களையும் வழியில் எத்தனையோ இடங்களில் காணலாம். மரத்தை வேரோடு பிடுங்குவோர் அவர்கள் அடுப்புக்கும் ஒரு வழி சொல்ல வேண்டும். பிடுங்கிய இடத்தில் நாட்டு மரத்தை நட்டு இரண்டு கோடை காப்பாற்றாவிட்டால், அடுத்த மழைக்குச் சீமைக் கருவேலமே திரும்பி வரும். அகற்றுவது ஒருநாள் வேலை. காப்பது ஆண்டுக்கணக்கான வேலை.

கல்லூரியின் நீர்க்கணக்கு

நாற்கரச் சாலை அமைந்த பின் மதுரைக்கும் அருப்புக்கோட்டைக்கும் இடையே போக்குவரவு எளிதாயிற்று. இச்சாலையில், காரியாபட்டியை அடுத்த புல்லூரில் 1995-ஆம் ஆண்டு சேது தொழில்நுட்பக் கல்லூரி தோன்றியது. பருத்தியும் மல்லியும் குதிரைவாலியும் விளைந்த சீமையில் பொறியியல் படிப்பு நுழைந்தது பெரிய மாற்றம். தந்தை கரிமூட்டம் போட்ட வீட்டில் மகள் பட்டதாரியாவதைவிட மகிழ்ச்சி வேறென்ன?

ஆனால் கல்லூரி என்பது, நீரின் கண்கொண்டு பார்த்தால், ஓரிரவில் குடியேறிய பெரிய ஊர். எந்தவொரு கல்லூரியையும் குறிப்பாக எண்ணாமல், பொதுவாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளி மாணவரும் இதனைத் தாளும் எழுதுகோலும் கொண்டு சரிபார்க்கலாம்.

நாள்தோறும் வந்து செல்லும் மாணவர் ஒருவருக்கு 45 லிட்டர், விடுதியில் தங்குவோருக்கு 135 லிட்டர் நீர் வேண்டும் என்பது நம் நாட்டுக் கட்டட விதிகள் கூறும் அளவு. வந்து செல்வோர் 2,000 பேர், விடுதியில் 500 பேர் என்று கொண்டால், ஒரு நாளைக்கு 1,57,500 லிட்டர். ஆண்டில் 200 வேலை நாட்களுக்கு ஏறக்குறைய 315 லட்சம் லிட்டர். ஆழ்துளைக் கிணறு ஒன்றே கதி என்றால், இவ்வளவும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களின் காலடி நீர்தான். இச்சீமையின் அடியில் பெரும்பகுதி கடினப் பாறை. பாறை வெடிப்புகளில் தங்கிய நீரே நிலத்தடி நீர். ஒருவர் ஆழத் தோண்டினால் மற்றவர் கிணறு வற்றும்.

இனி வரவைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். கல்லூரிக் கட்டடங்களின் கூரை மொத்தம் 10,000 சதுர மீட்டர் என்றால், 800 மில்லிமீட்டர் மழையில் 80 லட்சம் லிட்டர் விழும். சிந்தியது சிதறியது போக 64 லட்சம் பிடிக்கலாம். தேவையில் இது ஐந்தில் ஒரு பங்கே! 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழகத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேமிப்பு கட்டாயமாயிற்று, நல்லது. ஆயினும் கூரைக் குழாயும் ஒரு குழியும் அமைத்ததோடு கடன் தீர்ந்தது என்று எண்ணினால் ஐந்தில் நான்கு பங்கு கடன் நிலுவையில் நிற்கிறது.

வளாகம் 50 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். கூரை போக எஞ்சிய நிலத்தில் ஓராண்டில் விழும் மழை ஏறக்குறைய 15 கோடி லிட்டர். அதில் பத்தில் ஒரு பங்கை ஆழமான ஊருணியொன்றில் தேக்கினாலும் 150 லட்சம் லிட்டர் ஆகிறது. அடுத்தது கழிவுநீர். நாம் பயன்படுத்தும் நீரில் ஏறக்குறைய எண்பது விழுக்காடு கழிவுநீராகவே வெளியேறுகிறது. குளியலறை நீரையும் கைகழுவும் நீரையும் தூய்மைப்படுத்தி மரங்களுக்கும் கழிப்பறைகளுக்கும் திருப்பினால், பாதியளவு மீண்டாலும், இன்னும் 125 லட்சம் லிட்டர் மிச்சம். கூரை, ஊருணி, கழிவுநீர் என்னும் மூன்றையும் கூட்டுங்கள்: 339 லட்சம். வெயில் குடிப்பதைக் கழித்தாலும், மழை பொய்க்காத ஆண்டில் கடனின் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

இதிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. வளாகத்து நீர் முழுவதையும் மதிலுக்குள்ளேயே மடக்கிக்கொண்டால், கீழேயுள்ள ஊரின் கண்மாய்க்கு வரத்து எங்கிருந்து வரும்? கல்லூரி எழுமுன் அந்நிலத்தின் ஊடே ஒரு வரத்துக்கால் ஓடியிருக்கலாம். மதில் சுவர் அதன் குறுக்கே எழுந்திருந்தால், உள்ளே எத்தனை ஆயிரம் மரம் நட்டாலும் அந்த வளாகத்தைப் பசுமை வளாகம் என்று சொல்வதற்கில்லை. தான் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை மறுகாலாக அடுத்த ஊருக்கு அனுப்பும் கண்மாயின் ஒழுக்கம் கல்லூரிக்கும் வேண்டும்.

வழிகாட்டிய மூன்று வளாகங்கள்

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காயா? இல்லை. நம் தமிழகக் கல்லூரிகள் சில இத்துறையில் வழிகாட்டியிருக்கின்றன.

1837-ஆம் ஆண்டில் வேர்கொண்ட சென்னைக் கிறித்தவக் கல்லூரி, நகர நெருக்கடியை விட்டு 1937-ஆம் ஆண்டு தாம்பரத்திற்குக் குடிபெயர்ந்தது. ஏறக்குறைய 365 ஏக்கர் புதர்க்காட்டு நிலம். அங்கே பணியாற்றிய வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் தம் பாடத்திற்கு வெளியே சென்று, வளாகத்தின் செடிகொடிகளைத் தேடி ஆராய்ந்தார். மரங்களை நட்டு வளர்த்தார். அந்த மண்ணுக்கே உரிய புதர்க்காட்டைப் பெரும்பாலும் அழிக்காமல் விட்டதனால், சுற்றிலும் மாநகரம் நெருங்கிவிட்ட இந்நாளிலும் புள்ளிமான்கள் அங்கே மேய்கின்றன. வறண்ட நிலத்துப் புதரை 'வெறும் முள்' என்று எண்ணிப் பொறிவண்டி கொண்டு மழித்துவிட்டுப் புல்தரை போடுவோர் இங்கே கற்க வேண்டிய பாடம் உண்டு.

இரண்டாவது, திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரி. இயேசு சபைத் துறவி கே. எம். மத்தேயு அடிகளார் 1967-ஆம் ஆண்டு அங்கே ராப்பினாட் உலர்தாவரக் காப்பகத்தை நிறுவினார். தமிழகச் சமவெளிகளில் மாணவர்களோடு அலைந்து திரிந்து செடிகளைத் திரட்டி, உலர்த்தி, பெயரிட்டு அடுக்கினார். அவ்வுழைப்பின் பயனாக 1980-களில் தமிழகக் கருநாடகப் பகுதியின் தாவரங்களைப் பற்றிய பெருநூல்கள் வெளிவந்தன. 1985-ஆம் ஆண்டு பழனி மலைப் பாதுகாப்பு மன்றம் தோன்றவும் அவரே முன்னின்றார். 2004-ஆம் ஆண்டு இறைவனடி சேர்ந்தார். எந்த மரம் எந்த மண்ணுக்கு உரியது என்று அறியாமல் நடும் கன்று, முகவரி இல்லாத கடிதம் போன்றது. அந்த முகவரிகளை எழுதி வைத்த பெருமை அவருக்கு உரியது.

மூன்றாவது, காரியாபட்டிக்கு மிக அருகில், திருப்பரங்குன்றத்திலுள்ள தியாகராசர் பொறியியல் கல்லூரி. அங்கு வேதியியல் பேராசிரியராக இருந்த இராசகோபாலன் வாசுதேவன், தெருவில் பறக்கும் பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு சாலை போடும் முறையைக் கண்டார். சாலைக்குரிய கருங்கல் சல்லியைச் சூடாக்கி, துண்டாக்கிய பிளாஸ்டிக்கை அதன்மேல் தூவினால், அது உருகிச் சல்லியின்மேல் மெல்லிய போர்வையாகப் படிகிறது. பிறகு தாரைச் சேர்த்தால் பிடிப்பு மிகுகிறது. மழைநீர் எளிதில் உட்புகுவதில்லை. 2002-ஆம் ஆண்டு முதற்சாலை போடப்பட்ட இடம் எது தெரியுமா? அவர்தம் கல்லூரி வளாகமே! 2006-ஆம் ஆண்டு அம்முறைக்குக் காப்புரிமை கிடைத்தது. 2015-ஆம் ஆண்டு மத்திய அரசு நெடுஞ்சாலைப் பணிகளில் கழிவுப் பிளாஸ்டிக்கைப் பயன்படுத்த ஆணையிட்டது. 2018-ஆம் ஆண்டு பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. வளாகத்துக்குள் சில அடி நீளத்தில் செய்து பார்த்த ஒன்று, நாடு முழுவதும் நடந்து சென்றுவிட்டது.

இம்மூன்றிலும் ஓர் ஒற்றுமையைக் காண்கிறோம். ஒவ்வொன்றிலும் ஓர் ஆசிரியர் தம் மாணவரோடு பல ஆண்டுகள் ஒரே வேலையில் நிலைத்து நின்றார். விழா நாளில் நட்டு, மறுநாள் மறந்த வேலை எதுவும் இவற்றில் இல்லை.

பதிவேடும் பசுமையும்

கல்லூரிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் 1991-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் தீர்ப்பளித்தது. கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் தேசிய அவையும் மழைநீர்ச் சேமிப்பு, கழிவு மேலாண்மை, மாற்று எரிசக்தி ஆகியவை பற்றிக் கேட்கிறது. ஆதலால் இப்போது எங்கும் பசுமைத் தணிக்கை என்னும் சொல் ஒலிக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் தணிக்கை நாளில் படமெடுத்த கன்றுகளில் மூன்றாம் ஆண்டில் எத்தனை நிற்கின்றன என்று எண்ணுவோர் வேண்டும். அந்த எண்ணிக்கையே உண்மையான பதிவேடு.

கரிசல் சீமையின் கல்லூரிக்கு நாங்கள் வேண்டுவன சில. வேம்பு, புங்கு, பூவரசு, இலுப்பை, நாவல், மஞ்சணத்தி ஆகிய நம் மரங்களை ஆவணி, புரட்டாசியில் குழியெடுத்து, ஐப்பசி மழைக்கு நடலாம். பனங்கொட்டையை ஊருணிக் கரையில் ஊன்றலாம். அது நீரும் கேட்காது, காவலும் கேட்காது. விடுதியில் வீணாகும் சோற்றைச் சாண எரிவாயுக் கலத்திலிட்டு அடுப்பெரிக்கலாம். 2016-ஆம் ஆண்டு அருகிலுள்ள கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அமைந்தது. இத்தனை காலம் நாம் சபித்த வெயிலே விளைச்சலாகும்போது, கல்லூரிக் கூரைகள் ஏன் வெறுமையாய்க் கிடக்க வேண்டும்?

இவற்றினும் மேலானது ஒன்றுண்டு. காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969-இல் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. ஆண்டுதோறும் மாணவர்கள் ஒரு சிற்றூரில் ஏழு நாள் முகாம் நடத்துகின்றனர். அந்த ஏழு நாளையும் ஆண்டுதோறும் ஒரே கண்மாயின் வரத்துக்காலுக்குக் கொடுத்தால் என்ன? பொறியியல் மாணவர் மட்டம் பார்த்து அளக்கட்டும். ஊர் முதியவர் கால் எந்த வழி ஓடியது என்று காட்டட்டும். இருவரும் சேர்ந்து வரைபடம் எழுதட்டும். நாற்பது எக்டேருக்கு மேல் பாசனமுள்ள கண்மாய் நீர்வளத் துறையைச் சேர்ந்தது; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. உரிய இடத்தில் இசைவு பெற்று மண்வெட்டி எடுத்தால் எவரும் தடுக்கப்போவதில்லை. போர் வந்ததும் மறந்துபோன காலைக் கல்லூரி நினைவூட்டினால், அதைவிட மேலான பட்டமளிப்பு வேறில்லை.

நம் இல்லங்களும் வளாகங்களே

அன்பு வாசகர்களே! கல்லூரியைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டைப் பற்றிப் பேசாமல் விடலாமா? திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டு எழுதிய 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் திருமடலில், படைப்பைக் காக்கும் கல்வி பள்ளியிலும் குடும்பத்திலும் மறைக்கல்வியிலும் நடைபெற வேண்டும் என்று வற்புறுத்தினார். பிளாஸ்டிக்கைத் தவிர்ப்பது, நீரைச் சிக்கனமாகச் செலவிடுவது, குப்பையைப் பிரிப்பது, மரம் நடுவது, வேண்டாத விளக்கை அணைப்பது ஆகிய சின்னஞ்சிறு செயல்களை அவர் பெயர் சொல்லியே குறிப்பிட்டார். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் நாள் அவர் இறைவனிடம் சென்றார். அவர் விட்டுச் சென்ற அந்தப் பாடத்தை நடத்துவோர் நாமே.

நம் வீட்டுக் கூரை 1,000 சதுர அடி என்றால், காரியாபட்டி மழையில்கூட ஆண்டுக்கு ஏறக்குறைய 60,000 லிட்டர் நீர் பிடிக்கலாம். ஐந்து பேர் உள்ள குடும்பம் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 50 லிட்டர் செலவிட்டால், அந்நீர் 1,200 நாட்களுக்குப் போதும். ஓராண்டு மழை, மூன்றாண்டுக் குடிநீர்! தேக்கி வைக்கும் தொட்டியும், முதல் மழையை வெளியே விட்டுக் கூரையைக் கழுவும் பொறுமையும் இருந்தால் போதும். ஆலய வளாகத்துக் கூரைகள் இதைப் போல் பன்மடங்கு பெரியவை. 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொட்டு ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழகத்தில் தடை உள்ளது. நம் திருவிழா அன்னதானங்களில் வாழையிலையும் எவர்சில்வர் குவளையும் திரும்பி வந்துவிட்டனவா என்று ஒவ்வொரு பங்கும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளட்டும்.

கல்லூரியில் பயிலும் பிள்ளைகள் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது, "மதிப்பெண் எத்தனை?" என்று கேட்பது பெற்றோர் வழக்கம். இனி இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள்: "உங்கள் கல்லூரி எந்தக் கண்மாயின் நீரைக் குடிக்கிறது? அந்தக் கண்மாய்க்கு நீங்கள் என்ன திருப்பிக் கொடுக்கிறீர்கள்?" விடை தெரியாவிட்டால், தேடி அறிந்து வந்து சொல்லுமாறு அனுப்பி வையுங்கள். தேடப் போகும் பிள்ளை ஒரு வரத்துக்காலின் கரையில்தான் போய் நிற்பான். அங்கே அவனுக்கு வழிகாட்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் நிச்சயம் இருப்பார்.